மாதிரிக் கட்டுரை வளர்த்த பிள்ளைகள்

இந்த வாரம் என்னை எரிச்சல்படுத்தியது ஒரு தீர்ப்பு. பல்கலைக்கழக மாணவர்கள் இடுபணிகளைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிச் சமர்ப்பிக்கிறார்கள் என்ற புகார் மறுபடியும் கிளம்பியிருக்கிறது. கூடவே, இந்தத் தலைமுறைக்கே நேர்மை கிடையாது என்ற தீர்ப்பும் வருகிறது. புகார் உண்மைதான். ஸ்கூடாயிலிருந்து பாரிட் ராஜா வரை ஜொகூரின் பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள், ஆகவே இது நம் வீட்டுக் கவலையும்கூட. ஆனால் தீர்ப்பு தவறு. சாட்ஜிபிடி மக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பரில். அதற்கு வெகுகாலம் முன்பே, மூன்றாம் படிவ பிஎம்ஆர் தேர்வுக் காலத்தில், அண்ணன் செய்த வரலாற்று ஃபோலியோவை அட்டை மாற்றித் தம்பி கொடுத்துக்கொண்டிருந்தான். கருவியைக் கொண்டு பிடித்துவிடலாம் என்பதும் வீண் நம்பிக்கை. இயந்திரம் எழுதியதைக் கண்டறிய ஓபன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அந்நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. நகலைக் கண்டறியும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் ஒற்றுமை விழுக்காட்டிலிருந்தும் மாணவர்கள் வேறு பாடத்தைத்தான் கற்றார்கள்: எத்தனை விழுக்காடு வரை விடுவார்கள் என்று கேட்கவும், அதற்குக் கீழே வரும்வரை சொற்களை மாற்றிப்போடவும் பழகிவிட்டார்கள். நேர்மையை எண்ணாக்கிக் கொடுத்தோம். அவர்கள் எண்ணைச் சரிசெய்கிறார்கள்.

மாணவர்கள் ஏன் ஏமாற்றுகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் லாங். கல்வி பற்றி எழுதும்போதெல்லாம் 2013இல் வெளிவந்த ‘சீட்டிங் லெசன்ஸ்’ என்ற அவருடைய நூலிடம்தான் போகிறேன், இன்றும் போகிறேன். மாணவர்களை நல்லவர், கெட்டவர் என்று பிரிப்பதில் அவர் நேரம் செலவிடவில்லை. எந்தச் சூழலில் ஏமாற்று மிகுகிறது என்று கேட்கிறார். பண்டைக் கிரேக்க ஒலிம்பிக்கையும் சீனப் பேரரசின் அரசுப்பணித் தேர்வையும் எடுத்துப் பார்க்கிறார். வென்றவனுக்கு வாழ்நாள் புகழ், தேறியவனுக்குக் குலத்துக்கே உயர்வு என்ற அந்தக் களங்களில் கடுமையான காவலையும் தண்டனையையும் மீறி ஏமாற்று தழைத்தது. அவர் நான்கு நிலைமைகளைச் சொல்கிறார். கற்பதைவிட விளைவைக் காட்டுவதற்கே மதிப்பு இருப்பது, ஒரே தேர்வில் எல்லாம் தொங்குவது, பாடத்தில் ஆர்வமின்றி வெளிப் பரிசுக்காகவே படிப்பது, நம்மால் முடியாது என்று மாணவனே நம்புவது. இந்த நான்கும் சேரும் இடத்தில் சாதாரணப் பிள்ளையும் தடுமாறுகிறான். அமெரிக்க மாணவர்களிடம் ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடத்திய டொனால்ட் மெக்கேபும் சூழலையே சுட்டினார். சுற்றியிருப்பவர்கள் செய்கிறார்கள், கண்டுகொள்வாரில்லை என்ற எண்ணமே ஒருவனை மிக வலுவாக இழுக்கிறது என்றார்.

நம் மலேசியாவில் லாங் சொல்லும் அந்த நான்கும் சேர்ந்திருந்த இடம், ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு. 2014 செப்டம்பரில் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்தன. அந்த மாதம் 30ஆம் தேதி மறுதேர்வு. பிறகு கணிதமும் தமிழ்மொழியும் கசிந்தது தெரிந்து, அக்டோபர் 9ஆம் தேதி இன்னொரு மறுதேர்வு. நாடு முழுவதும் நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆறாம் ஆண்டு மாணவர்கள் மீண்டும் எழுதினார்கள். அப்போது கல்வியமைச்சராக இருந்தவர் நம் பாகோவின் நாடாளுமன்ற உறுப்பினர் முகிதீன் யாசின். ஆசிரியர்கள் சிலர் மீதே அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. ஒவ்வொரு வழக்கின் முடிவும் எப்படியிருந்தாலும் ஒன்று நிச்சயம்: பூட்டிய அறையிலிருந்த தாளைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வெளியே எடுத்திருக்க முடியாது. பெரியவர்களிடமிருந்து பெரியவர்களுக்குப் புலனத்தில் போய், கடைசியாகத்தான் அது பிள்ளையின் கைக்கு வந்தது.

தமிழ்மொழித் தாளையும் ஏன் கசியவிட வேண்டும்? தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலும் பள்ளியிலும் பேசும் மொழி அது. மதிப்பெண்தான் பொருள், மொழி பொருளல்ல என்று ஆகிவிட்ட இடத்தில்தான் இது நடக்கும். இதற்கு ஒரு வேதனையான காரணமும் உண்டு. மாணவர் எண்ணிக்கை சரிந்துவரும் தமிழ்ப்பள்ளிக்கு ‘ஏழு ஏ’ பெற்ற பிள்ளைகளின் நாளேட்டுப் படங்களே விளம்பரமாக இருந்தன. அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. பள்ளியின் உயிரே ஒரு பிள்ளையின் விடைத்தாளில் தொங்கியது. அந்தப் படங்களைப் பற்றி எனக்குப் பழைய மனத்தாங்கல் உண்டு. அது இன்னும் தீரவில்லை.

ஆனால் கசிவு அபூர்வம். அன்றாடம் நடப்பது மாதிரிக் கட்டுரை. இன்று நான் உண்மையில் பேச வேண்டியது இதைத்தான். நம் புத்தகக் கடைகளில் மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. விடியலை வருணிக்கும் தொடக்கம், நடுவில் ஓர் இணைமொழி, ஒரு மரபுத்தொடர், ஓர் உவமைத்தொடர், முடிவில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நன்றி. பிள்ளை இதை மனப்பாடம் செய்து தேர்வில் அப்படியே இறக்குகிறாள். ‘ஏ’ கிடைக்கிறது. தன் வீட்டு மாடிப்படியைப் பற்றிப் பிழையோடு ஆறு வரி எழுதிய இன்னொரு பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண். இந்தப் பயிற்சி சொல்லித்தருவது தெளிவாக இருக்கிறது: நல்ல எழுத்து என்பது பிறர் எழுத்து, அதைப் பிசகாமல் ஒப்பிப்பதே திறமை. ஆறு ஆண்டுகள், பிறகு இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகள் இதைப் பழக்கிவிட்டு, பல்கலைக்கழகத்தின் முதல் வாரத்தில் இது திருட்டு என்று ஒரு சுற்றறிக்கை கொடுக்கிறோம்.

முன்னோர் சொல்லை எடுத்தாள்வது நம் மரபுதானே, மனப்பாடத்தை இழிவாகப் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்னோரின் கருத்தை மட்டுமல்ல, அவர்களுடைய சொல்லையும் போற்றி எடுத்தாளலாம் என்று பவணந்தியாரின் நன்னூல் சொல்கிறது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகையும் பிரிக்கிறது. அந்தப் பிரிவே என் கட்சிக்குச் சான்று. எது எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காத மரபு அது. தொல்காப்பியம் தன் விதிகளைத் திரும்பத் திரும்பப் புலவர்கள் சொன்னதாகச் சொல்கிறது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏடு கொடுத்து உதவியவர்களைத் தம் பதிப்புகளின் முகவுரைகளில் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். மனப்பாடம் குற்றமல்ல, கடன் வாங்குவதும் குற்றமல்ல. கொடுத்தவரின் பெயரை அழித்துத் தன் பெயரைப் போடுவதுதான் குற்றம். நாம் வகுப்பறையில் மனப்பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பெயர் சொல்லும் ஒழுக்கத்தைக் கைவிட்டுவிட்டோம்.

அப்படியானால் மாணவன் மீது குற்றமே இல்லையா? இருக்கிறது. அதே சூழலில் படித்தும் தன் கையால் எழுதும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். சூழலைக் காட்டி எல்லோரையும் மன்னித்தால் அவர்களைத்தான் அவமதிக்கிறோம். 2014இல் தாளைக் கண்ணாலும் பாராத பிள்ளைகளும் இருமுறை தேர்வுக்கூடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஒருவரின் ஏமாற்று எப்போதும் நேர்மையானவரின் நாளையும் உழைப்பையும் தின்கிறது. அதனால் தண்டனை வேண்டும். ஆனால் பத்தொன்பது வயதுக்காரனைத் தண்டிக்கும் கை, ஒன்பது வயதில் அவனுக்கு என்ன கொடுத்தது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

1988இல் தொடங்கிய யூபிஎஸ்ஆர் 2021இல் கைவிடப்பட்டது. அது திரும்பினால் பிள்ளைகள் மறுபடி உழைப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். தேர்வுக்கு நான் எதிரியல்ல. சிறு சிறு தேர்வுகள் அடிக்கடி வரட்டும், ஒன்றில் சறுக்கினால் அடுத்ததில் எழலாம். எல்லா மரியாதையையும் ஒரே நாளில் கட்டிவைப்பதுதான் ஆபத்து, அது கசிவுக்கும் திருட்டுக்கும் விலை ஏற்றுகிறது. பல்கலைக்கழகமும் கருவியை நம்புவதை விட்டு, முதல் வரைவையும் இரண்டாம் வரைவையும் கேட்கட்டும், எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லட்டும். வகுப்பில் கூட்டம் அதிகம், நேரம் ஏது என்று விரிவுரையாளர்கள் சொல்வது உண்மை. அப்படியானால் இடுபணிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். யாரும் படிக்காத பத்தைவிட, ஒருவர் உட்கார்ந்து படிக்கும் இரண்டு மேல். ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகள் அமைச்சின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் இந்தத் தவணையிலேயே ஒன்று செய்யலாம்: நான்காம் ஆண்டிலிருந்து, இதை எங்கே படித்தாய், யார் சொன்னார் என்று எழுதும் ஒரு வரிக்கும், பிள்ளையின் சொந்த வாக்கியத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள், அந்த வாக்கியம் பிழையாகவே இருந்தாலும். பிழையைத் திருத்திவிடலாம். தனக்கென்று ஒரு வாக்கியமே இல்லாமல் வளர்ந்தவனிடம் திருட்டைப் பற்றி எவ்வளவு பேசினாலும், காப்பாற்ற அவனிடம் எதுவும் இருக்காது.