காருக்கு இறக்கை எதற்கு?

(இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

பறவைக்கு இறக்கை பறப்பதற்கு. காருக்கு இறக்கையோ பறந்துவிடாமல் தரையைப் பற்றிக்கொள்வதற்கு! இந்த எளிய உண்மையை அறியாததால் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பெருமுக்கல்லில் என் நண்பர் ஒருவர், அண்ணனின் பழைய காருக்கு அறுவடைப் பணத்தில் பின்புற இறக்கை பொருத்தினார். "இனி எந்த வளைவிலும் வண்டி அசையாது" என்றார். ஒரு மாலை மரக்காணம் சாலை வளைவில் வண்டி திரும்பாமல் நேரே சென்று பள்ளத்தில் இறங்கியது. உயிர் பிழைத்தது தெய்வாதீனம்.

இறக்கை ஏன் உதவவில்லை? பட்டத்தை எண்ணிப் பாருங்கள். சாய்ந்து நிற்கும் பட்டத்தைக் காற்று மேலே தள்ளுகிறது. கார் இறக்கை, தலைகீழாகச் சாய்த்த பட்டம். காற்று அதைக் கீழே அழுத்துகிறது. ஆனால் இவ்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. 0.3 சதுர மீட்டர் பரப்பும், விசைக் குணகம் 1-ம் கொண்ட இறக்கை மணிக்கு 120 கிலோமீட்டரில் சுமார் 20 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 40 கிலோமீட்டரிலோ ஒன்பதில் ஒரு பங்குதான். ஒரு செங்கல்லின் எடைகூடத் தேறாது!

மேலும், நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றை இழுப்பவை முன்சக்கரங்கள். பின்முனையை அழுத்தினால் முன்பக்கம் சற்று இலேசாகுமே தவிரப் பிடிப்புக் கூடாது. டிரிஃப்ட் எனும் சறுக்கோட்டக் கார்களின் கதை வேறு. அவற்றை உந்துபவை பின்சக்கரங்கள். சறுக்கும்போதும் அவை ஓரளவு பிடிப்பை இழக்காதிருக்கவே இறக்கை. அங்கும் கார் பக்கவாட்டில் திரும்பிச் செல்வதால் காற்று நேர்முகமாக வராது, பலன் குறையும்.

1966-இல் அமெரிக்கரான ஜிம் ஹால் தம் சாப்பரல் காரில் உயர்ந்த இறக்கையை அமைத்து உலகை வியக்கவைத்தார். 1969-இல் பார்சிலோனா பந்தயத்தில் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகியோரின் லோட்டஸ் கார்களில் இறக்கைகள் முறிந்து, இருவரும் விபத்துக்குள்ளாயினர். அடுத்த மொனாக்கோ பந்தயத்திலேயே உயர்ந்த இறக்கைகள் தடை செய்யப்பட்டன. வல்லுநர்களுக்கே இந்நிலை என்றால், அளவு பாராமல் துளையிட்டு முடுக்கும் நாம் எம்மாத்திரம்?

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த பந்தயத்தில் ஓடிய ஃபார்முலா 4 கார்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: இறக்கை பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் உண்டு. சமநிலையே அதன் உயிர்.

"அழகுக்காக வைத்தோம், தவறா?" எனச் சிலர் கேட்கலாம். அழகு தவறன்று, அழகை ஆற்றலென்று நம்புவதே தவறு. என் நண்பரைப் பள்ளத்தில் தள்ளியது இறக்கையன்று. அது தந்த பொய்த் தைரியம். சறுக்கோட்டம் ஒரு விளையாட்டு. அதற்கு உரிய இடம் அடைத்த களம். மக்களும் மாடுகளும் கடக்கும் சாலையன்று.

நம் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திற்கு எங்களை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். கரும்பலகையில் படித்த இருமடி விதியை அங்கே கண்ணால் காண்போம். மாணவ நண்பர்களே, இறக்கை வாங்கும் முன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிடுங்கள். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குவதே மேல் என்பது விளங்கும்.