கெடிலாக் தேறுமா? மலேசிய அணி விட்டுச்சென்ற பாடம்

ஈப்போ – 2026ஆம் ஆண்டின் பார்முலா ஒன் கார் பந்தயப் பருவம் மார்ச் 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மெல்பர்னில் தொடங்குகிறது. மலேசிய நேரப்படி அன்று நண்பகலில் பந்தயம். கடந்த ஆண்டு வரை பத்து அணிகள் ஓடிய களத்தில், பதினோராவதாக அமெரிக்காவின் கெடிலாக் இறங்குகிறது. அவுடியும் புதிய பெயர்தான். ஆனால் அது 1993 முதல் ஓடிவரும் சாவ்பர் அணியை வாங்கி வருகிறது. அடியிலிருந்து எழுப்பப்பட்ட அணி என்று பார்த்தால், 2016இல் வந்த ஹாஸ் அணிக்குப் பிறகு கெடிலாக்தான்.

இந்த அணி எத்தனையாவது இடத்தில் முடிக்கும் என்ற கணிப்புகள் பல பக்கமும் பறக்கின்றன. மலேசியர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 16 ஆண்டுகளுக்கு முன்பு, மலேசியாவின் பெயரைத் தாங்கிய அணி ஒன்றைப் பற்றியும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது.

ஆறே மாதத்தில் ஓர் அணி

ஏர் ஆசியாவின் டோனி பெர்னாண்டஸ் தலைமையிலான லோட்டஸ் ரேசிங் அணிக்கு 2009 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. 2010 மார்ச் மாதத்தில் முதல் பந்தயம். ஒரு காரை வரைந்து, செய்து, ஓட்டிப் பார்க்க அவர்களுக்குக் கிடைத்தது ஆறு மாதம். யார்னோ துருல்லி, ஹெய்க்கி கோவலைனன் ஆகிய இருவருமே பந்தயம் வென்ற ஓட்டுநர்கள். தொழில்நுட்பப் பொறுப்பு அனுபவசாலியான மைக் கேஸ்கோயினிடம் இருந்தது. ஆனாலும் பஹ்ரேனில் நடந்த முதல் தகுதிச் சுற்றில், முன்னணிக் காரைவிட ஐந்து விநாடிக்கும் மேல் பின்தங்கினார்கள். பார்முலா ஒன்னில் அரை விநாடியே பெரிய இடைவெளி.

அந்தப் பருவத்தில் புதிதாக வந்த லோட்டஸ், விர்ஜின், எச்.ஆர்.டி. மூன்றும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நான்காவதாக வரவேண்டிய யு.எஸ்.எஃப்.1 களத்துக்கே வரவில்லை. ஜப்பானில் கோவலைனன் பிடித்த 12ஆவது இடத்தால், புதிய மூன்று அணிகளில் லோட்டஸ் முதலாவதாக, மொத்தப் பட்டியலில் பத்தாவதாக முடித்தது. அந்தப் பந்தயத்தில் தோற்ற விர்ஜின் உரிமையாளர் ரிச்சர்ட் பிரான்சன், 2013இல் ஏர் ஆசியா எக்ஸ் விமானத்தில் பணிப்பெண் வேடமிட்டுப் பயணிகளுக்குப் பரிமாறியது பலருக்கு நினைவிருக்கும்.

அதே 2010இல் பெட்ரோனாஸ் வேறொரு வழியில் போனது. முந்தைய ஆண்டு வெற்றியாளரான பிரான் அணியை வாங்கியிருந்த மெர்சிடிஸுக்கு ஆதரவு தந்தது. தொழிற்சாலையும் ஆட்களும் ஏற்கெனவே இருந்த அந்த அணி, 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை உற்பத்தியாளர் பட்டத்தை வென்றது. ஒன்று தயாராக இருந்த வீட்டில் குடியேறியது. மற்றொன்று காட்டை வெட்டி வீடு கட்டத் தொடங்கியது. வேறுபாடு அங்கேதான்.

கெடிலாக்கின் பலமும் பலவீனமும்

2010இன் அணிகளோடு ஒப்பிட்டால் கெடிலாக்கின் நிலை மேல். இறுதி அனுமதி 2025 மார்ச்சில்தான் வந்தது என்றாலும், கார் வேலையும் ஆள் சேர்ப்பும் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டன. பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நிற்கிறது. சொந்த இயந்திரம் வரும்வரை பெர்ராரியின் இயந்திரமும் கியர்பெட்டியும் கிடைக்கின்றன. 2010இல் வாக்களித்துவிட்டுக் கைவிடப்பட்ட செலவு உச்சவரம்பு 2021 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே பெரிய அணிகள் பணத்தை அள்ளிக் கொட்டி ஓட முடியாது. காற்றுச்சுரங்கச் சோதனை நேரமும் கடைசி அணிக்கே அதிகம், முதல் அணிக்கே குறைவு.

ஓட்டுநர்களும் தெரிந்த முகங்கள்தான். வால்த்தேரி போத்தாஸ் பெட்ரோனாஸ் மெர்சிடிஸில் ஓடியவர். பத்துப் பந்தயங்களை வென்றவர். ஆறு பந்தயங்களை வென்ற செர்ஜியோ பெரெஸ் தம் முதல் மேடையை ஏறியது நமது செப்பாங்கில்தான். 2012இல் கொட்டிய மழையில், சிறிய அணியான சாவ்பரின் காரில் இரண்டாவதாக வந்தார்.

பலவீனம் எங்கே? இவ்வாண்டு விதிகள் அடியோடு மாறுகின்றன. இயந்திர ஆற்றலில் ஏறக்குறைய பாதி மின்சாரத்திலிருந்து வரவேண்டும். எல்லாரும் புதிதாகத் தொடங்குவதால் புதிய அணிக்கும் சம வாய்ப்பு என்று சிலர் வாதிடுகிறார்கள். காகிதத்தில் அது சரி. ஆனால் மற்ற அணிகளிடம் பல ஆண்டு ஓட்டத்தில் சேர்ந்த தரவு இருக்கிறது. பழகிய கைகள் இருக்கின்றன. கெடிலாக்கில் பல இடங்களிலிருந்து வந்தவர்கள் முதன்முறையாக ஒன்றாக ஒரு பருவம் வேலை செய்யப் போகிறார்கள். சக்கரம் மாற்றும் இரண்டு விநாடி வேலைக்கே மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

பணம் மட்டும் போதாது என்பதற்கு டொயோட்டா சாட்சி. 2002 முதல் 2009 வரை எட்டுப் பருவங்கள் ஓடியும் ஒரு வெற்றிகூட இல்லை. ஹாஸ் 2016இல் முதல் பந்தயத்திலேயே ஆறாவதாக வந்து, 29 புள்ளிகளோடு எட்டாவதாக முடித்தது உண்மை. ஆனால் விதிகள் அனுமதித்த அளவுக்குப் பாகங்களைப் பெர்ராரியிடமிருந்தே வாங்கியது அந்த அணி. கெடிலாக் பெரும்பகுதியைத் தானே செய்கிறது.

அஜித் குமார் ரேசிங் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, கெடிலாக்கால் முடியாதா என்று நம் இளைஞர்கள் கேட்கலாம். அது போற்றத்தக்க சாதனைதான். ஆனால் அந்தப் பந்தயத்தில் போர்ஷே செய்து விற்கும் காரை வாங்கி ஓட்டலாம். பார்முலா ஒன்னில் ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு சோதனை.

கணிப்பு என்ன?

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கெடிலாக் கடைசி இடத்தில் அல்லது அதற்கு ஒரு படி மேலே முடிக்கும் என்று கணிப்பதே நியாயம். மழையோ பல கார்கள் கழன்றுபோகும் பந்தயமோ வந்தால், இரண்டு அனுபவ ஓட்டுநர்களால் சில புள்ளிகளைப் பறிக்க முடியும். ஆனால் புள்ளியை வைத்து மட்டும் இந்த அணியை அளக்கக்கூடாது. முதல் பந்தயத்தில் முன்னணிக் காரோடு இருக்கும் இடைவெளி எத்தனை விநாடி, ஆகஸ்டு மாதத்தில் அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே உண்மையான அளவுகோல். இரண்டு விநாடி ஒரு விநாடியானால் அணி வளர்கிறது. அப்படியே நின்றால் 2010இன் கதை திரும்புகிறது.

அந்தக் கதையின் முடிவு கசப்பானது. லோட்டஸ் பெயர் பெர்னாண்டஸுக்குச் சொந்தமில்லை. குரூப் லோட்டஸ் நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. அந்த நிறுவனம் அப்போது, நமது பேராவின் தஞ்சோங் மாலிமில் கார் செய்யும் புரோட்டோனுக்குச் சொந்தம். உரிமம் திரும்பப் பெறப்பட்டு, வழக்கு லண்டன் நீதிமன்றம் வரை போனது. மலேசியர் இரு தரப்பாக நின்று ஒரு பெயருக்காக மோதினார்கள். 2012இல் அணி கேட்டர்ஹாம் ஆனது. 2014இல் கைமாறியது, அவ்வாண்டே திவாலானது. கடைசிப் பந்தயத்துக்கு ரசிகர்களிடம் இணையத்தில் பணம் திரட்டி ஓடினார்கள். ஐந்து பருவங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. உழைத்தவர்கள் வேலையிழந்தார்கள். தோட்டம் கைமாறினால் லயத்தில் இருப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்பதைப் பேரா மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கெடிலாக்கை வழிநடத்தும் கிரேம் லவ்டன், அதே 2010இல் வந்த விர்ஜின் அணியில் இருந்தவர். பிறகு மருசியாவாக மாறிய அந்த அணி, 2014 மொனாகோவில் எடுத்த இரண்டு புள்ளிகளையும், அதே ஆண்டு திவாலானதையும் அருகிலிருந்து பார்த்தவர். புதிய அணி எதனால் சாகும் என்பது அவருக்குத் தெரியும். கெடிலாக்கின் மிகப் பெரிய பலம் இதுவாகவே இருக்கலாம்.

மலேசிய அணி என்று அழைக்கப்பட்ட அந்தக் கார், இங்கிலாந்தின் நோர்போக்கில் செய்யப்பட்டது. இங்குள்ள பட்டறைகளில் பழகிய கைகளுக்கு அதில் வேலை இருக்கவில்லை. மாறாக, பேராவின் கம்போங் காஜாவில் பிறந்த கைருல் இட்ஹாம் பாவி, ஆசிய இளையோர் பயிற்சிப் பந்தயம் வழியாக மேலேறி, 2016இல் மோட்டோ3 உலகப் பந்தயத்தில் இரண்டு முறை வென்றார். பெயரை வாடகைக்கு எடுத்தது போனது. ஆளை வளர்த்தது நின்றது. அடுத்த முறை யாராவது மலேசிய அணி என்று அறிவித்தால், எந்த இடத்தில் முடிக்கும் என்று கேட்பதற்கு முன், எத்தனை பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் என்று கேட்பதே நல்லது.