எழுதி வைக்காத கோல்



சென்ற மாதம் பயிற்றங்கொடியில் வரும் பூச்சியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன். "இந்த மனுசிக்கு என்ன நடந்தது?" என்று உங்களில் சிலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

முசலியில் எங்கள் பக்கத்தில் ஒரு பாடசாலை இருக்கிறது. பெயர்ப்பலகையில் கல்லூரி என்று இருந்தாலும் சிறிய பாடசாலைதான். பிள்ளைகளின் அடையாளம் வெளியே வரக்கூடாது என்பதற்காகப் பெயரை எழுதவில்லை. அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஓர் உதைபந்தாட்ட அணி உண்டு. மொத்தம் 14 பிள்ளைகள். 11 பேர் விளையாட, மிச்சம் மூன்று பேர். இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று வீராங்கனை ஒருத்திதான்.

நான் அந்த மைதானத்துக்குப் போனது விளையாட்டு ஆசையால் அல்ல. வாழ்வாதார உதவியாகக் கிடைத்த தையல் மெசினில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. பாடசாலையால் 14 ஜேர்சிகள் கொண்டுவந்து, பின்னுக்கு இலக்கம் தைத்துத் தரச் சொன்னார்கள். வெள்ளைத் துணியில் இலக்கம் வெட்டித் தைத்துக் கொடுத்தேன். 13ஆம் இலக்கத்தை ஒரு பிள்ளையும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு மெல்லிய பிள்ளை, "எனக்குத் தாங்கோ அன்ரி" என்று வாங்கிக்கொண்டது. முதல் ஆட்டத்துக்கு நான் போனது தைத்த இலக்கம் கழராமல் நிற்கிறதா என்று பார்க்கத்தான்.

இலக்கம் நின்றது. எங்கள் பிள்ளைகள் 0 – 5 என்று தோற்றார்கள். சோளகக் காற்றும் புழுதியும் கண்ணை மறைக்க, அடித்த பந்து திரும்பி எங்கள் பக்கமே வந்தது. கையில் தையல் கணக்குக் கொப்பி இருந்தது. சட்டை அளவு எழுதும் அந்தக் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி, திகதி, இடம், எதிரணி, யார் யார் விளையாடினார்கள் என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. இன்று தெரியும்.

எங்கள் அண்ணா ஊர் அணியில் விளையாடியவர். மன்னாரில் உதைபந்தாட்டம் இல்லாத கரையோரக் கிராமம் ஏது? வீட்டுச் சுவரில் அவருடைய அணிப் படம் ஒன்றும், றங்குப் பெட்டிக்குள் மூன்று நான்கு சான்றிதழ்களும் இருந்தன. 2007 செப்டெம்பரில் முசலியை விட்டு நாங்கள் நடந்தபோது உடுப்பும் அரிசியும் எடுத்தோம். படத்தை யார் எடுத்தார்கள்? திரும்பி வந்தபோது சுவரும் இல்லை, றங்குப் பெட்டியும் இல்லை. அண்ணாவும் இல்லை. அம்மா சாகும்வரை ஒரு கதை சொல்வார்: "மன்னாரில ஒரு ஃபைனல்ல அவன்தான் கடைசிக் கோல் அடிச்சவன்." எந்த வருடம், எந்த அணியோடு என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியாது. கூட விளையாடியவர்களில் ஒருவர் வெளிநாட்டில், மற்றவர்கள் மண்ணுக்குள். அந்தக் கோல் இப்போது அம்மாவின் வாயிலிருந்து என் வாய்க்கு வந்திருக்கிறது. என்னோடு அது முடிந்துவிடும்.

எங்கள் மண்ணில் எண்ணி எழுதும் பழக்கம் இல்லாமலில்லை. முத்துக் குளித்த காலத்தில் வெள்ளைக்காரன் சிப்பியை எண்ணி எழுதினான். 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் முகாம் போட்டுக் குளித்தபோது எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல் என்று கணக்கு இருக்கிறது. அந்தச் சிப்பிகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுவந்த சுழியோடிகளில் ஒருவருடைய பெயரையாவது நம்மில் யாராவது சொல்வோமா?

பெண்கள் என்று வந்தால் இன்னும் மோசம். இங்கிலாந்தில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்கிறேன். முதலாம் உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, பிரஸ்ரன் நகரில் டிக் கேர் என்ற ஆயுதத் தொழிற்சாலையில் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் பந்து உதைக்கத் தொடங்கி, 1917இல் அணியாகவே சேர்ந்துவிட்டார்கள். அந்த வருட நத்தார் தினத்தில் காயப்பட்ட போர்வீரர்களின் வைத்தியசாலைக்குப் பணம் சேர்க்க ஓர் ஆட்டம் விளையாடினார்கள். 10,000 பேர் பார்க்க வந்தார்கள். 1920 டிசெம்பர் 26ஆம் திகதி லிவர்பூல் நகரில் விளையாடியபோது 53,000 பேர் மைதானத்துக்குள் இருந்தார்கள், இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் வேறு. இவர்களும் யுத்தத்துப் பெண்கள்தான், எங்களைப்போல.

அடுத்த வருடம், 1921 டிசெம்பரில், உதைபந்தாட்டம் பெண்களுக்குப் பொருத்தமான விளையாட்டு அல்ல என்று சொல்லி, தன் கீழுள்ள மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று இங்கிலாந்துச் சங்கம் தடை போட்டது. ஏறக்குறைய 50 வருடங்கள் அந்தத் தடை இருந்தது. அந்த அணியில் லில்லி பார் என்று ஒருத்தி. 14 வயதில் வந்து, 1951 வரை விளையாடியவள். தாதியாகவும் வேலை செய்தாள். அவள் அடித்த கோல்கள் 900க்கு மேல் என்று சொல்கிறார்கள். 'சொல்கிறார்கள்' என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் தடைக்குப் பிறகு பூங்காவிலும் வயல்வெளியிலும் நடந்த ஆட்டங்களை எல்லாம் யார் ஒழுங்காகப் பதிந்தார்கள்? 2019இல்தான் மான்செஸ்டரில் அவளுக்குச் சிலை வைத்தார்கள். சிலை நிற்கிறது, கோல் கணக்குச் சரியாக இல்லை.

எங்கள் பிள்ளைகளிடம் திரும்பி வருகிறேன்.

பாடசாலைப் போட்டி எப்படி நடக்கிறது என்று தெரியாத தாய்மாருக்காக: முதலில் கோட்டம், பிறகு வலயம், பிறகு மாகாணம், அதற்குமேல் தேசிய மட்டம். லீக் முறையில் விளையாடினால் வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை. புள்ளி சமமாக வந்தால், அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்துப் பார்ப்பது வழக்கம். அதனால் நாலு கோல் வாங்கிய பிறகும் ஐந்தாவதைத் தடுக்க ஓடுவதில் பயன் உண்டு. இது விளங்கிய நாளிலிருந்து கோல்காப்பாளரின் உம்மா மைதான ஓரத்தில் நின்று போட்ட சத்தம் சொல்லி முடியாது.

அந்த உம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அணியில் பாதிப் பிள்ளைகளின் தாய்மார் 1990 ஒக்டோபரில் குழந்தைகளாக முசலியிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம் முகாம்களில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவர்கள். மற்றப் பாதி எங்களைப்போல 2007இல் நடந்தவர்கள். ஒருவர் கதையை மற்றவர் கேட்காமல் ஒரே கடையில் சாமான் வாங்கிக்கொண்டு இருந்தோம். மைதானத்தில் அரை மணித்தியாலம் பக்கத்தில் குந்தியிருந்தால் கதைக்காமல் இருக்க முடியாதுதானே.

முதலில் ராத்தா மகளை விட மறுத்தார். "தலையை மூடாம ஆம்புளயள் பாக்க ஓடுறதா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 2011இல் ஈரான் பெண்கள் அணி தலையை மூடிக்கொண்டு வந்ததற்காக ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்தில் விளையாட விடாமல் நிறுத்தப்பட்டது. அந்தப் பிள்ளைகள் அழுத படம் அப்போது உலகம் முழுவதும் போனது. பிறகு 2014இல் விதியைத் திருத்தி, தலையை மூடிக்கொண்டு விளையாடலாம் என்று அனுமதித்தார்கள். இதை விளையாட்டு ரீச்சர் சொன்ன பிறகு, கழுத்துக்குக் கீழே ஊசி குத்தாமல் இறுக்கமாக நிற்கிறமாதிரி ஒரு தலையங்கி தைத்துத் தரச் சொல்லி ராத்தாவே என்னிடம் துணியோடு வந்தார். பனியன் துணியில்தான் தைக்கவேண்டும், பொலியெஸ்டர் வியர்வையில் வழுக்கும். தையல் தெரிந்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பருவத்தில் வலயத்தில் இரண்டாம் இடம் வந்து, பிள்ளைகள் மாகாணத்துக்குப் போனார்கள். நானும் அதே பஸ்ஸில் போனேன். முதல் ஆட்டத்திலேயே 0 – 3. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்தில் 9ஆம் இலக்கக்காரிக்குக் கால் சுளுக்கி, வெளியே தூக்கி வந்தார்கள். 13 உள்ளே போனது. அது பந்தைத் தொட்டது ஆறோ ஏழோ தடவை. அதையும் கொப்பியில் எழுதினேன், நேரத்தோடு.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் அந்தப் பிள்ளை ஒரு பயிற்சி நெறிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகவேண்டியிருந்தது. மாகாண மட்டத்தில் பங்குபற்றியதற்குச் சான்றிதழ் இருந்தால் புள்ளி கிடைக்கும். கேட்டுப் போனபோது, பெயர்ப் பட்டியலில் 13 பேர்தான் இருந்தார்கள். இந்தப் பிள்ளையின் பெயர் விடுபட்டிருந்தது. எங்கே விடுபட்டது என்று நான் எழுதப் போவதில்லை, யாரும் வேண்டுமென்று செய்ததுமில்லை. ஆனால் பொறுப்பாக இருந்த ரீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். "பட்டியல்ல இல்லாட்டி நாங்க என்ன செய்யுறது?" என்றார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் கச்சான் விற்கிறவர். இரண்டு தடவை பஸ் எடுத்துப் போய்த் திரும்பி வந்தார்கள்.

தாய் என் வீட்டுக்கு வந்தது ஒரு சாறிக்கு ஓரம் அடிக்க. பேச்சுவாக்கில் சொல்லி அழுதார். நான் கொப்பியை எடுத்தேன். சட்டை அளவு ஒரு பக்கம், ஆட்டம் மறுபக்கம். திகதி, இடம், எதிரணி, நடுவர் எந்தப் பாடசாலைச் சேர், 9 போய் 13 வந்த நேரம், எல்லாம் இருந்தது. அதைப் போட்டோக்கொப்பி எடுத்து, மாற்றலாகிப் போன ரீச்சரைத் தேடிக் காட்டினோம். அவர் பார்த்தவுடன், "ஓம், கால் சுளுக்கின அண்டைக்கு" என்று நினைவு வந்து கடிதம் தந்தார். நடுவரும் கையெழுத்து வைத்தார். தையல்காரியின் கொப்பி சான்றிதழ் ஆகாது, அதை நான் பெரிதாகச் சொல்ல வரவில்லை. ஆனால் யாரிடம் போய், எந்த நாளைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று அது காட்டியது. கடிதம் போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை.

இதனால் என்ன பெரிய இலாபம் என்று கேட்கிறவர்களுக்குக் கடலுக்கு அப்பால் ஒரு கதை. தமிழ்நாட்டில் கடலூர், 2004 டிசெம்பர் 26 சுனாமியில் அடிபட்ட ஊர். (லிவர்பூல் ஆட்டமும் டிசெம்பர் 26தான், இப்போது எழுதும்போதுதான் கவனித்தேன்.) அங்கே மாரியப்பன் என்ற பயிற்றுவிப்பாளர், பெற்றோரை இழந்த பெண்பிள்ளைகளையும் சேர்த்து உதைபந்தாட்டம் பழக்கினார். பெண்கள் ஆட்டத்தில் மணிப்பூரை வெல்ல ஆளில்லை என்று இருந்த காலம். 2018இல் தேசிய இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் அந்த மணிப்பூரை 2 – 1 என்று வென்று முதல் தடவையாகக் கிண்ணம் எடுத்தார்கள். 2023இலும் ஹரியானாவை வென்று எடுத்தார்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு விளையாடியவர், தமிழ்நாடு பொலிஸில் உப பரிசோதகராகவும் ஆனார். எங்கள் நாட்டிலும் விளையாட்டில் தேசிய மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட உள்ளீர்ப்பு இருக்கிறது. உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமை வேண்டும், சான்றிதழும் வேண்டும். எங்கள் 14 பேர் அவ்வளவு தூரம் போவார்களா என்றால், இப்போதைக்கு இல்லை. மன்னாரிலிருந்து தேசிய அணிவரை போன டக்சன் பியூஸ்லஸ் 2022 பெப்ரவரியில் மாலைதீவில் மறைந்தபோது அவர் எந்தெந்த அணிக்கு விளையாடினார் என்று சின்னப் பொடியனும் சொன்னான். எங்கள் பெண்பிள்ளைகளில் ஒருத்தியின் பெயரையாவது அப்படிச் சொல்ல ஆள் வேண்டாமா?

பிள்ளை எந்த விளையாட்டு விளையாடினாலும் வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். எழுதத் தெரியாத தாய் பிள்ளையைக் கொண்டே எழுதுவியுங்கள். திகதி, இடம், எதிரணி, முடிவு, விளையாடியவர்களின் முழுப்பெயர், மாற்றாக வந்தவர் பெயர். தோற்ற ஆட்டத்தையும் எழுதுங்கள், அதில்தான் பெயர் விடுபடுகிறது. பருவம் முடிய விளையாட்டு ரீச்சரிடம் காட்டி ஒரு கையெழுத்து வாங்குங்கள். சான்றிதழ் கிடைத்தால் அன்றைக்கே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

என் தையல் கொப்பியில் முன்பக்கமும் பின்பக்கமும் வந்து நடுவில் முட்டிவிட்டன. காலபோக அறுவடை முடிந்த கையோடு அடுத்த பருவம் தொடங்குகிறது. ராத்தா 200 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி வந்து தந்துவிட்டுப் போனார். முதல் பக்கத்தில் கோல்காப்பாளரின் பெயரைத் தானே எழுதி வைத்திருக்கிறார், பெரிய எழுத்தில்.