சைக்கிள் கடைக்கு எது நல்ல இடம்?

மேட்டூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது வரை படித்தவன். சேலத்தில் ஒரு சைக்கிள் கடையில் இரண்டு வருடம் தொழில் பழகினான். பஞ்சர் ஒட்டுவான். சக்கரத்தில் கோட்டம் எடுப்பான். முழு ஓவராயிலும் செய்வான். இப்பொழுது சொந்த ஊரில் கடை வைக்க ஆசைப்படுகிறான். அம்மா தன் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுக்கிறாள். அதை அடகு வைத்துத்தான் கடைக்கு முதல்.

இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு.

அந்த நகை வீட்டுக்குத் திரும்பி வருமா? பாதி, பையனின் கையில் இருக்கிறது. மறு பாதி, அவன் பிடிக்கும் இடத்தில் இருக்கிறது.

“நாலு பேர் கூடும் இடமாகப் பார்” என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். துணிக்கடைக்கு அது சரி. பலகாரக் கடைக்கும் சரி. சைக்கிள் கடைக்கு அது சரியல்ல என்பது என் கட்சி.

கூட்டம் வேறு, கிராக்கி வேறு

மேட்டூரில் கூட்டம் எங்கே? அணைப் பூங்காவில் இருக்கிறது. பஸ் நிலையத்தில் இருக்கிறது. ஆடிப் பதினெட்டு அன்று போய்ப் பாருங்கள். எள் போட இடம் இராது!

ஆனால் அந்தக் கூட்டம் எதில் வந்தது? பஸ்ஸில் வந்தது, வேனில் வந்தது, காரில் வந்தது. காவிரியில் குளிக்கும், மீன் வறுவல் தின்னும், பிள்ளைகளுக்கு ஊஞ்சல் காட்டும், சாயங்காலம் ஊர் திரும்பிவிடும். அதில் ஒருவருக்காவது சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டியிருக்குமா?

கூட்டம் உள்ள இடத்தில் வாடகை மட்டும் கூடுதலாக இருக்கும். அட்வான்சும் பெரிதாகக் கேட்பார்கள்.

ஒரு கணக்குப் போடுங்கள். வாடகை மாதம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பஞ்சருக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை கட்ட மட்டும் 150 பஞ்சர் ஒட்டவேண்டும். மாதத்தில் 25 நாள் கடை திறந்தால், தினம் 6 பஞ்சர் வீட்டுக்காரருக்கே போய்விடும். ஏழாவது பஞ்சரில்தான் உங்கள் வீட்டு அடுப்புக்குப் பணம். அதிலும் சொலூஷன், ஒட்டு, மின்சாரம் என்று செலவு கழியும்.

தள்ளுகிறவன் எவ்வளவு தூரம் வருவான்?

புது சைக்கிள் வாங்குகிறவர் பல கடை ஏறி இறங்குவார். சேலம் சுமார் 50 கிலோமீட்டர்தான். பஸ் ஏறிப் போய் விலை விசாரிப்பார். அவரை மேட்டூரிலேயே பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

பஞ்சர் ஆனவர் சேலம் போவாரா? போகமாட்டார். அரை மைல் தள்ளுவார். வெயில் அதிகமானால் அதுகூடத் தள்ளமாட்டார். ஆகையால், கடையைச் சுற்றி அரை மைலுக்குள் எத்தனை சைக்கிள் ஓடுகிறதோ, அவ்வளவுதான் உங்கள் வியாபாரம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் இடம் பார்க்கும் வேலையில் பாதி முடிந்தது.

மேட்டூருக்கு இன்னொரு சங்கதி உண்டு. பெயரிலேயே மேடு இருக்கிறது! அணையின் இரு புறமும் மலை. ரோடு ஏறும், இறங்கும். காற்றுப் போன சைக்கிளை மேட்டில் தள்ள யாருக்கும் மனம் வராது. எனவே மேட்டின் உச்சியில் கடை போடாதீர்கள். அடியில் போடுங்கள். மேலே பஞ்சரானவர் இறக்கத்தில் சுலபமாக வந்துவிடுவார். சமதரையில் வருகிறவரும், ஏறப் பயந்து, அங்கேயே நின்றுவிடுவார்.

அணை கட்டினவர்களைப் பாருங்கள். 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்தார்கள். பாலமலைக்கும் சீதாமலைக்கும் நடுவே காவிரி நெருங்கி வருகிற இடத்தைப் பிடித்தார்கள். அகன்ற வெளியில் குறுக்கே கட்டினால் செலவு எங்கே போய் நிற்கும்? சைக்கிளுக்கும் அப்படி நெருக்கமான இடம் உண்டு. நாலு தெருப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஒரே ரோட்டில் வந்து சேருகிற முனை அது. அங்கே நிற்கவேண்டும் உங்கள் கடை.

ஒரு கேட்டை நம்பாதே!

மேட்டூர் என்பது ஒரே ஊரல்ல. அணைப் பக்கம் ஓர் ஊர். ஆர்.எஸ். ஓர் ஊர். சேலம் கேம்ப், தங்கமாபுரிபட்டணம், ராமன் நகர், கருமலைக்கூடல் என்று சிதறிக் கிடக்கிறது. ரசாயன ஆலை இருக்கிறது, அனல் மின் நிலையம் இருக்கிறது, கருமலைக்கூடலில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. “ஷிப்டு விடும் நேரத்தில் கேட்டு வாசலில் கடை இருந்தால் போதுமே” என்று தோன்றும்.

போதாது. மேட்டூரில் பெரிய அலுமினிய ஆலை ஒன்று நடந்தது. 2008-ல் அங்கே அலுமினியம் உருக்குவது நின்றது. அந்தக் கேட்டை மட்டும் நம்பி ஒருவன் கடன் வாங்கிக் கடை போட்டிருந்தால், அவன் கதி என்ன? மேலும், ஆலைத் தொழிலாளியும் இப்பொழுது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில்தான் வருகிறார். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்த நாள் முதல், மிதிக்கிற ஆசாமி குறைந்துகொண்டே வருகிறார்.

பள்ளிக்கூடம் மூடாது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறார்கள். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம் இது.

“அரசாங்கமே சைக்கிள் கொடுத்தால் கடைக்காரன் என்ன செய்வான்?” என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சலிப்பு புரிவதில்லை. விற்பனை குறையும், உண்மை. ஆனால் கொடுத்த சைக்கிளுக்கு பிரேக் கட்டை தேயாதா? செயின் அறாதா? வருடா வருடம் ஒரே பள்ளிக்கூடத்துக்கு அத்தனை புது சைக்கிள் வருகிறது என்றால், ரிப்பேர்க்காரனுக்கு அது வயலுக்கு வாய்க்கால் வெட்டிவிட்ட மாதிரி!

ஆகவே என் யோசனை இது: மேல்நிலைப் பள்ளிக்கும் குடியிருப்புக்கும் இடையே இருக்கட்டும். ஆலைக்குப் போகிற ரோடும் அதைத் தொட்டுப் போகட்டும். இரண்டு வாய்க்கால் பாயட்டும். வீடு திரும்பும் போது இடது கைப் பக்கம் வருகிற கடையானால் இன்னும் நல்லது. காலையில் மணி அடித்துவிடும் என்ற அவசரத்தில் காற்று மட்டும் அடித்துக்கொண்டு ஓடுவார்கள். ரிப்பேருக்கு நிற்பது மாலையில்தான்.

பெண் பிள்ளை நிற்க முடியுமா?

இதை மறந்துவிடுகிறார்கள். கடைக்குப் பக்கத்தில் சாராயக் கடை இருந்தால், எந்தப் பெண் அங்கே சைக்கிளை நிறுத்துவாள்? வாடகை எவ்வளவு குறைவானாலும் அந்த இடம் வேண்டாம்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துப் படித்த பெண்கள், சைக்கிளும் ஓட்டப் பழகினார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஏறினார்கள். பெண்கள் ஓட்டும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி மிதித்தார்கள். பெண்கள் சைக்கிள் எடுத்தால் கடைக்காரனுக்கு எவ்வளவு வேலை வரும் என்பதற்கு அந்த மாவட்டமே சாட்சி.

கடை முன்னால் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். ஒரு பெஞ்சு வேண்டும். பத்து சைக்கிள் நிற்க இடம் வேண்டும். உள்ளே எவ்வளவு பெரிய அறை என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. சைக்கிள் வேலை வாசலில்தானே நடக்கிறது? வாசலில் சாக்கடை ஓடினால் தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பீர்கள்?

மூன்று நாள் உட்காருங்கள்

இடம் மனதுக்குப் பிடித்துவிட்டதா? உடனே அட்வான்சு கொடுத்துவிடாதீர்கள். எதிரே உள்ள டீக்கடையில் மூன்று நாள் உட்காருங்கள். காலை 7 மணி முதல் 9.30 வரை. மாலை 4 மணி முதல் 7 வரை. ஒரு நோட்டில், போகிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு கோடு போடுங்கள். தள்ளிக்கொண்டு போகிறவருக்குப் பக்கத்தில் ஒரு சுழி போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாகூட இந்தக் கணக்கை எடுக்கலாம். நகை அவளுடையது ஆயிற்றே, அவளையே எடுக்கச் சொல்லுங்கள்!

ஒரு நாளாவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் அன்றுதான் தெருவுக்கு வரும்.

மோட்டார் சைக்கிளையும் எண்ணுங்கள். அதற்கும் பஞ்சர் பார்க்கத் தெரிந்தால் வருமானம் கூடும். ஆனால் டியூப் இல்லாத டயர் வந்துவிட்ட காலம் இது. காற்று மெல்ல இறங்கினால், அவர் தள்ளமாட்டார். ஓட்டிக்கொண்டே தமக்குப் பழகின கடைக்குப் போய்விடுவார். எனவே அந்தக் கோடுகளைப் பாதியாகக் கணக்கில் வையுங்கள்.

கோடும் சுழியும் திருப்தியாக இருந்தால் பத்திரம் எழுதுங்கள். எத்தனை வருடம், வாடகை எப்பொழுது ஏறும் என்பதைக் காகிதத்தில் வாங்குங்கள். கடை சூடு பிடித்ததும் காலி செய்யச் சொல்கிற வீட்டுக்காரர்களும் உலகத்தில் உண்டு.

கடை திறக்க நாள் பார்க்கும்போது, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒரு வாரம் முன்னதாகப் பாருங்கள். லீவில் திண்ணையில் நின்ற சைக்கிள்கள் எல்லாம் அப்பொழுது காற்று இறங்கிக் கிடக்கும்.