வெறும் பலகையில் கையெழுத்து

பிள்ளைகள் நீச்சல் வகுப்பில் இருக்கிறார்கள், நான் காருக்குள் இருந்து இதை எழுதுகிறேன். வரிக்காலம், வேறு நேரம் கிடைக்காது.

ஸ்காபரோவில் எங்கட சின்னக் கணக்காளர் அலுவலகத்துக்கு இரண்டு வருசத்துக்கு முன் ஒரு சிக்னேச்சர் பேட் வாங்கினேன். மலிவு பார்த்து, திரையே இல்லாத வகை. எழுதுவது என் கணினியில் மட்டும்தான் தெரியும். முதல் வாரமே அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் பேனாவைப் பிடித்தபடி கேட்டார்: "தம்பி, வெறும் பலகையிலை வை எண்டுறாய். எதுக்கு வைக்கிறன் எண்டு எனக்குத் தெரிய வேண்டாமோ?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வெற்றுத்தாளில் கையெழுத்து வைத்துக் காணி பறிபோன கதைகளோடு வளர்ந்த மனுசன் அவர்.

நீங்களும் கடைக்கோ கிளினிக்குக்கோ வாங்குவதென்றால் முதலில் திரையைப் பாருங்கள். வாக்கம் எஸ்டியு-430இல் 4.5 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 540இல் 5 அங்குல வண்ணத் திரை. பெயரும் தொகையும் காட்டப் போதும். முழுப் படிவத்தையும் காட்ட 10 அங்குல வகை வேண்டும், விலையும் ஏறும். நான் சின்னதை வாங்கி, கணினித் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

கையெழுத்தின் படத்தோடு பேனாவின் அழுத்தமும் வேகமும் பதிவாகுதா என்றும் கேளுங்கள். 'இது என்ர இல்லை' என்று நாளைக்கு யாரும் சொன்னால் வெறும் படம் அவ்வளவாக உதவாது. பேனாவுக்கு பேட்டரி தேவையில்லை, ஆனால் கால் முளைக்கும். கயிற்றில் கட்டுங்கள்.

வாங்க முன் உங்கட மென்பொருளோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்பவர்களுக்கு பேட் அந்தப் பக்கம் தெரியாமலே போகும். எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று.

வரிப் படிவம் டி183இல் மின்கையொப்பத்தைக் கனடா வருமான முகமை ஏற்கிறது. நாளும் நேரமும் பதிவாக வேண்டும், 6 வருசம் வைத்திருக்க வேண்டும். ஆனால் உயிலும் பவர் ஒப் அட்டர்னியும் ஒன்ராறியோவின் 2000ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டத்துக்குள் வராது. அப்பா அம்மாவின் உயிலை இதில் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதுக்குப் பேப்பரும் பேனாவும்தான்.

அந்த அங்கிள் இந்த வருசமும் வந்தார். கண்ணாடியைப் போட்டு எல்லாவற்றையும் வாசித்தார். தமிழில் பெரிதாக வைத்ததில் கடைசி எழுத்து திரைக்கு வெளியே போய்விட்டது. "அழி, திருப்பி வைக்கிறன்" என்றார்.