காத்து அடிக்கத் தெரியுமா பாஸ்?



பைக்கோட பின்பக்கம் லேசா பாம்பு மாதிரி நெளியும். 'ரோடுதான் சரியில்லை'ன்னு மனசு சமாதானம் சொல்லும். அடுத்த நூறு மீட்டர்ல உண்மை தெரிஞ்சிடும்... பஞ்சர்! இந்த அனுபவம் இல்லாதவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க. நீங்க இன்னும் பில்லியன்லதான் உட்கார்ந்துட்டு இருக்கீங்கன்னு அர்த்தம்!

எனக்கு அது நடந்தது செகண்ட் இயர்ல, தெர்மோடைனமிக்ஸ் பரீட்சை அன்னிக்கு. திருச்சியில நண்பன் வீட்டுல ராத்திரி பூரா 'கம்பைன் ஸ்டடி'. காலையில அவங்க அப்பாவோட பைக்கில தஞ்சாவூர் காலேஜுக்குக் கிளம்பினோம். செங்கிப்பட்டி தாண்டினதும் பின் டயர் உட்கார்ந்துடுச்சு. மணி எட்டரை. பத்து மணிக்கு எக்ஸாம். எதிர்ல இருந்த பஞ்சர் கடையில பூட்டு தொங்குது. பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடலாம்... ஆனா அப்பா வண்டியை நடுரோட்டுல விட்டுட்டுப் போனா, அது பரீட்சையைவிடப் பெரிய பரீட்சை!

பக்கத்து டீக்கடைப் பெரியவர் எங்க முழியைப் பார்த்தே விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டார். உள்ளே போய் ஒரு பழைய பம்ப்பைத் தூக்கிட்டு வந்தார். கீழே காலை வெச்சு மிதிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலும் அடிக்கிற பம்ப். துரு ஏறி, பெயின்ட் உதிர்ந்து... 'இதுவா?'ன்னு நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

நாற்பது தடவை அடிச்சிருப்பேன். டயர் அசையவே இல்லை. "பம்ப் வேஸ்ட்டுங்க தாத்தா"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. மூடியைத் திருகிக் கழற்றி, கம்பியை வெளியே உருவினார். கம்பி நுனியில கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர். காய்ஞ்சு சுருங்கிக் கிடந்தது. கடைக்குள்ள போய் தேங்காய் எண்ணெய் எடுத்துட்டு வந்து நாலு சொட்டு விட்டார். விரலால நீவி நீவி அந்தக் கிண்ணத்தை விரிச்சார். திரும்ப மாட்டி, "இப்ப அடி"ன்னார்.

அடிச்சேன். கைக்குக் கீழே காத்து எதிர்த்து நின்னுது!

விஷயம் இவ்வளவுதான் பாஸ். கம்பியைக் கீழே அழுத்தும்போது அந்தத் தோல் கிண்ணம் விரிஞ்சு குழாய்ச் சுவரோட ஒட்டிக்கும். காத்துக்கு டயருக்குள்ள போறதைத் தவிர வேற வழி இருக்காது. மேலே இழுக்கும்போது கிண்ணம் சுருங்கி வழிவிடும். புதுக் காத்து இறங்கும். உள்ளே போன காத்து திரும்பி வராம டயர் வால்வு பார்த்துக்கும். தோல் காய்ஞ்சுட்டா சுவரோட ஒட்டாது. அதுக்குத்தான் எண்ணெய்.

மாத்தி மாத்தி அடிச்சோம். பம்ப்போட அடிப்பக்கத்தை எதேச்சையா தொட்டேன். சுட்டுது! ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணின 'அடியபாட்டிக் கம்ப்ரஷன்', அதாங்க, காத்தைச் சட்டுனு அமுக்கினா சூடாகும்ங்கிற சமாச்சாரம், அந்த நிமிஷம்தான் மண்டையில ஏறுச்சு. அந்தக் கேள்வி பேப்பர்ல வரலைங்கிறது வேற விஷயம்.

"ஆணி உள்ளேயே இருக்கட்டும், பிடுங்காத. பிடுங்கினா காத்து சடசடன்னு இறங்கிடும். ஒருத்தன் மட்டும் வண்டியில மெதுவாப் போ. வல்லம் வரைக்கும் தாங்கும். அங்கே ஒட்டிக்க. இன்னொருத்தன் பஸ் ஏறு"ன்னார் பெரியவர். காசு நீட்டினோம். "காத்துக்கு என்னப்பா காசு?"

நான் பஸ்ல போய் ஹால்ல உட்கார்ந்துட்டேன். மணி பத்து. நண்பன் சீட் காலி. எனக்கு ஒரு எழுத்து ஓடலை. பத்தும் அஞ்சுக்கு, கையெல்லாம் கறுப்பா, உள்ளே வந்தான் பாருங்க... அப்புறம்தான் பேனா மூடியையே திறந்தேன்!

காத்தடிக்கிறதுல அன்னிலேர்ந்து எனக்கு ஒரு கிறுக்கு. 1880-கள்ல பெல்ஃபாஸ்ட்ல ஜான் பாய்ட் டன்லப்ங்கிற கால்நடை டாக்டர், தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்காக ரப்பர் குழாயில காத்து நிரப்பினார். அதுக்கு அவர் எடுத்தது ஃபுட்பால் பம்ப்! 20-ம் நூற்றாண்டோட ஆரம்பத்துல கார்க்காரங்க இன்னொரு வித்தை பண்ணாங்க. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிட்டு, அந்த ஓட்டையில ஒரு பம்ப்பை மாட்டி, எஞ்சினையே காத்தடிக்க வெச்சாங்க!

இன்னிக்கு ட்யூப்லெஸ் டயர் வந்தாச்சு. பட்டனைத் தட்டினா தானே காத்தடிக்கிற பேட்டரி பம்ப்பும் வந்தாச்சு. நல்ல விஷயம்தான், வாங்கி வெச்சுக்கோங்க. ஆனா அது மக்கர் பண்ணினா உங்களால என்ன பண்ண முடியும்? அந்தப் பழைய பம்ப் மக்கர் பண்ணினப்போ, ஒரு மூடியும் நாலு சொட்டு எண்ணெயும் போதுமா இருந்துது. நாங்க ரெண்டு பேரும் எஞ்சினீயரிங் ஸ்டூடன்ட்ஸ். 'வேஸ்ட்'னு சொன்னது நாங்க. திறந்து பார்த்தது அவர்.

அதனால இந்த வாரத்து ஹோம் ஒர்க்:

* ஹாஸ்டல் ரூமுக்கு ஒரு கை பம்ப் வாங்குங்க. செலவை ரூம்மேட்ஸோட ஷேர் பண்ணிக்கலாம்.

* உங்க வண்டிக்கு எவ்வளவு காத்துன்னு மேனுவல்ல போட்டிருக்கும். வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாதப்பவே செக் பண்ணுங்க.

* காத்து குறைஞ்ச டயர் ஓடும்போது பக்கவாட்டுல மடங்கி மடங்கிச் சூடாகும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' வேண்டாம்.

* சுத்தமா இறங்கின டயர்ல ஓட்டாதீங்க. ஒட்டுப் போட்டா முடியிற வேலை, புது ட்யூப் வரைக்கும் இழுத்துடும்.

* ரோட்டோரம் யாராவது வண்டியோட முழிச்சுக்கிட்டு நின்னா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அவனுக்கும் பத்து மணிக்கு எக்ஸாம் இருக்கலாம்!

அடுத்த வாரம் பார்ப்போமா?