சுவருக்கும் மூச்சு முட்டும்!

பழைய வீடு வைத்திருப்பவர்களிடம் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கலாம். "போன வருஷம்தான் சிமென்ட் வைத்துப் பூசினோம். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. மறுபடியும் உப்பு பூத்து, பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக உரிகிறது. தாத்தா காலத்துச் சுவர், ஆயுசு முடிந்துவிட்டது போலிருக்கிறது. இடித்துவிட வேண்டியதுதான்!"

கொஞ்சம் பொறுங்கள். நூறு மழைக்காலம் பார்த்த சுவர் அது. திடீரென்று போன வருஷம் அதற்கு என்ன வந்தது? சிமென்ட் வந்தது!

பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டவை. அந்தக் காலத்து அஸ்திவாரத்தில், ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் ஏற்பாடு கிடையாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண்ணில் இருக்கும் ஈரம் சுவருக்குள் ஏறும். ஏறிய ஈரம், சுண்ணாம்புப் பூச்சின் நுண்ணிய துளைகள் வழியாக வெயிலில் ஆவியாகிப் போய்விடும். உள்ளே வருவதும் வெளியே போவதும் கணக்காக நடந்துகொண்டிருந்த வரை சுவருக்கு ஒரு குறையும் இல்லை.

அதன்மேல் சிமென்ட் பூசி, பளபள பெயின்டும் அடித்தால் என்ன ஆகும்? ஈரம் வழக்கம்போல ஏறும். வெளியேற வழி இருக்காது. இன்னும் உயரமாக ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாக உறைந்து பூச்சைத் தள்ளும். ஒருநாள் சிமென்ட் பாளமாக விழும்போது, பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டுதான் விழும். அடுத்த முறை கொத்தனார் வந்து, "செங்கல்லே உளுத்துப்போச்சுங்க" என்பார்.

நம் ஊர்ப் பாரம்பரியக் கட்டடங்கள் பலவற்றுக்கு நேர்ந்த கதையும் இதுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. 'கோயில் புதுசுபோல இருக்க வேண்டும்', 'ஆபீஸ் கட்டடம் உறுதியாக இருக்க வேண்டும்' என்று ஆசையாகத்தான் செய்தார்கள். காலம் செய்த சேதத்தைவிட இந்த ஆசை செய்த சேதம் அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்தத் தவறு நமக்கு மட்டும் சொந்தமல்ல. ஏதென்ஸ் நகரத்து பார்த்தனான் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 5-ம் நூற்றாண்டில் பளிங்கில் கட்டியது. கல்லோடு கல்லை இணைக்க அன்றைய கிரேக்கர்கள் இரும்புப் பட்டைகளைத்தான் வைத்தார்கள். ஆனால், அந்த இரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். இரும்புக்குத் தண்ணீர் படாது, துருவும் பிடிக்காது. 1687-ல் கோயிலுக்குள் துருக்கியர் சேர்த்துவைத்திருந்த வெடிமருந்தின்மேல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, பாதிக் கோயில் சிதறியது. பிறகு 19-ம் நூற்றாண்டின் இறுதியில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் அதைத் தூக்கி நிறுத்தும் வேலையில் இறங்கினார். சில பத்தாண்டுகள் நடந்த பெரிய வேலை. அவரும் இரும்புதான் வைத்தார். ஈயத்தை மட்டும் விட்டுவிட்டார்.

துருப்பிடித்தால் இரும்பு பருக்கும். பருத்த இரும்பு, இரண்டாயிரம் வருஷம் தாங்கிய பளிங்கை உள்ளிருந்தே பிளந்தது. 1975-ல் கிரேக்க அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அதன் பிறகு நடந்த வேலையில் பெரும்பகுதி, பழைய ரிப்பேரை ரிப்பேர் செய்வதுதான்! இரும்பை உருவி எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத டைட்டானியத்தை வைக்கிறார்கள். இடம் மாறி அடுக்கப்பட்ட கற்களை அவற்றின் சொந்த இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். புதுக்கல் வைத்தே ஆக வேண்டிய இடத்தில் அதே மலையின் பளிங்கை, தேவையான அளவு மட்டும். நாளைக்கு இதைவிட நல்ல வழி தெரிந்தால், இன்று வைத்ததைச் சேதமில்லாமல் கழற்ற முடிய வேண்டும் என்பது அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட விதி. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று எண்ணாத ஒருவரால்தான் இப்படி வேலை செய்ய முடியும்.

நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இல்லையா என்றால், இருக்கிறது. சென்னைக் கடற்கரை பக்கம் போனால் சேப்பாக்கம் அரண்மனையைப் பாருங்கள். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் கட்டியது. நவாப் வம்சத்திடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போய், அரசு அலுவலகமாகி, பிறகு அப்படியே நம் அரசு அலுவலகமாகவும் தொடர்ந்தது. அறைக்கு அறை தடுப்பு, ஒயர், ஃபைல் மூட்டை. 2012 ஜனவரியில் அதன் கலச மகாலில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கூரை போய், கரி படிந்த சுவர்கள்தான் மிச்சம். 'இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம்' என்று சொல்ல இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

பொதுப்பணித் துறை இடிக்கவில்லை. சுண்ணாம்பைத் தேடிப் போனார்கள். சுண்ணாம்பு சிமென்ட் மூட்டைபோல இல்லை. பிரித்துக் கொட்டிக் குழைத்துவிட முடியாது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டும். கொதித்து அடங்கும். கொத்தனார்கள் இதைத் 'தாளிப்பது' என்பார்கள். பிறகு தொட்டியில் பல நாள் ஊற வேண்டும். மணல் சேர்த்து ஆலையில் போட்டு வெண்ணெய்போல அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அதில் சேர்ப்பார்கள். பூசிய பிறகும் அவசரம் கூடாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெள்ள மெள்ள அது மறுபடியும் கல்லாக மாறும். நுண்ணிய விரிசல் விட்டால், மழை ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பே அங்கே படிந்து அதை அடைத்துவிடும்.

மேலே போடும் 'மெட்ராஸ் டெரஸ்' இன்னொரு அழகு. தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாக, சாய்வாக, சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட், அதற்கும் மேல் தட்டோடு. கம்பி கிடையாது. அதனால் துருவும் கிடையாது. சித்திரை வெயிலில் இதன்கீழ் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கலச மகால் எழுந்து நின்றது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இயங்குகிறது. அதாவது, கட்டடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. ஆள் புழங்குகிறது, ஜன்னல் திறக்கிறது, ஒழுகினால் உடனே தெரிகிறது. பக்கத்தில் ஹுமாயூன் மகாலும் இதே வழியில் மீட்கப்பட்டது.

எல்லாக் கட்டடத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர்கள் 19-ம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டடம், அதான் பழைய நகராட்சி அலுவலகம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, கட்டியதும் சரிதான். ஆனாலும் அது போட்டோவைப் பார்த்து வரைந்த தாத்தா படம். தூண் திரும்ப வந்தது. அந்தத் தூணைக் கட்டியவனின் கை திரும்ப வரவில்லை.

கோயில்கள் விஷயத்தில் இன்னும் பதற்றம் எனக்கு. கும்பாபிஷேகத்துக்குச் சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் முறை ஒன்று பரவியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு போகும். கூடவே கல்லின் தோலும் போகும். சிற்பத்தின் விரல் நகம் மழுங்கும். கல்வெட்டின் எழுத்து மழுங்கும். எந்த ஊர்க்காரர் எத்தனை ஆடு கொடுத்து எந்த விளக்கை எரியவிட்டார் என்று ஆயிரம் வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் எழுத்து அது! இன்று அந்த முறைக்குத் தடை இருக்கிறது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கோயில்களையும் புராதனச் சின்னங்களையும் காக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஆனால், திருப்பணி நடக்கும் இடத்தில் நிற்பது நீதிபதி அல்ல, நீங்களும் நானும்தான். பிராகாரத்தில் பெரிய கம்ப்ரசர் சத்தம் கேட்டால், "என்ன வேலை நடக்கிறது?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

சரி, செலவு? சுண்ணாம்பு வேலைக்கு நாளும் அதிகம், கூலியும் அதிகம். அதை மறைக்க முடியாது. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள். அவர்கள் இருப்பது ஏழெட்டு ஊர்களில். யார் பணம் போடுவது என்று முடிவாவதற்குள் பர்மாத் தேக்குத் தூண் பழம்பொருள் கடைக்குப் போய்விடுகிறது. வெளியிலிருந்து 'ஐயோ, இடிக்கிறார்களே' என்று உச்சுக்கொட்டுவது சுலபம். வரிச் சலுகையோ மானியமோ கொடுத்தால்தான் அவர்கள் கை நிற்கும்.

உங்களிடம் அப்படியொரு வீடு இருந்தால், உடனே செய்யக்கூடியதும் அதிகம் செலவில்லாததும் மேலேதான் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மாடிக்குப் போய் மழைநீர்க் குழாய்களில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிடுங்கள். சுவர் இடுக்கில் முளைத்திருக்கும் அரசங்கன்றை, விரலளவு இருக்கும்போதே வேரோடு எடுங்கள். சுவரையொட்டித் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுங்கள். பூச்சு வேலை எடுப்பதானால், "சுண்ணாம்பு வேலை பழக்கமுண்டா?" என்று கொத்தனாரிடம் முதலில் கேளுங்கள். "இல்லை" என்றால், அவருடைய அப்பாவுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். பல ஊர்களில் அந்தப் பெரியவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.